கொக்கி இல்லாத ரிம்மும் என் அண்ணன் மகனின் தோள்பட்டையும்

நீண்ட பதிவு. சைக்கிளில் ஆர்வம் இல்லாதவர்கள் தாண்டிப் போய்விடலாம். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது விடிகாலை ஐந்து மணிக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ரோடு பைக்கில் கிளம்புகிறவர்களாக இருந்தால், தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டு அவர்களிடமும் காட்டுங்கள்.

போன வாரம் நம் குழுவில் ஒரே ஒரு வரி எழுதினேன். "ரோடு பைக்குக்கு கொக்கி இல்லாத ரிம் வாங்காதீர்கள்." அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் பார்க்க வேண்டுமே! 1998இல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்து, இன்று பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கும் ஒரு தம்பி எழுதினான்: "டீச்சர், டெக்னாலஜி மாறிடுச்சுங்க. உலகமே ஹூக்லெஸ்ஸுக்குப் போயாச்சு." இன்னொருத்தி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். என் சித்தப்பா மகன், "உனக்கு எதுக்கக்கா இந்த வேலை, பேரனைப் பாத்துக்கிட்டு இரு" என்றான். பேரனையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவனும் இன்னும் பத்து வருடத்தில் சைக்கிள் கேட்பான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இன்ஜினியர் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பத்து மூன்று வருடம் ஆறு முதல் எட்டு வரை கணக்கும் அறிவியலும் எடுத்தவள். அதில் இருபது வருடத்துக்கு மேல் லேடீஸ் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன். பஞ்சர் ஒட்ட எனக்குத் தெரியும் என்பது என் கையில் பசை ஒட்டிய சாக்பீஸைப் பார்த்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஆனால் ரிம்மைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது ஆசையால் அல்ல. என் அண்ணன் மகன் விழுந்ததால்.

அவனுக்கு வயது முப்பத்தெட்டு. இரண்டு பெண் குழந்தைகள். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதும் ரோடு பைக் வாங்கினான். நல்ல விஷயம். ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டி, பத்துக் கிலோ குறைத்தான். அப்புறம் யாரோ சொல்லி, ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான விலையில் ஒரு கார்பன் வீல்செட் வாங்கினான். ரிம்மின் உள் அகலம் 25 மி.மீ., கொக்கி கிடையாது. கடையில் கையிருப்பில் இருந்த 28 மி.மீ. டியூப்லெஸ் டயரை மாட்டிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம், சத்தி ரோட்டில் ஒரு வளைவில், சின்னக் குழி ஒன்றில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. வெடித்த மாதிரி ஒரு சத்தம். டயர் ரிம்மை விட்டுக் கழன்று, வெறும் கார்பன் விளிம்பு தாரில் வழுக்கியது. காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பிரேக் பிடித்ததால் அத்தோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் நான் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு காற்று அடித்தாய் என்பதுதான்.

"டயர்ல போட்டிருந்த மாதிரிதானுங்க அத்தை, தொண்ணூத்தஞ்சு."

வீட்டுக்கு வந்து அந்த டயரை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பக்கச் சுவரில் இரண்டு எண்கள். கொக்கி உள்ள ரிம்முக்கு ஒன்று, கொக்கி இல்லாததற்கு ஒன்று. என் பிள்ளை பெரிய எண்ணைப் படித்துவிட்டான். ரிம்மின் மீது, வால்வுக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: அதிகபட்சம் 5 பார், 72.5 பி.எஸ்.ஐ. கேள்வித்தாளில் "அல்லது" என்று இருப்பதைப் பார்க்காமல் இரண்டு கேள்விக்கும் விடை எழுதிவிட்டு வரும் பையன்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அதிகம் போனால் ஐந்து மதிப்பெண் போகும். எலும்பு முறியாது.

கடைக்குப் போன் செய்தால், "நீங்க அதிகமா அடிச்சிட்டீங்க மேடம், வாரண்டியில வராது" என்றார்கள். சரி, அடித்தது அவன் தப்பு. லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு, "தம்பி, இதில் 72க்கு மேல் போனால் கழன்றுவிடும்" என்று ஒரு வாக்கியம் சொல்லாதது யார் தப்பு? பழைய சக்கரத்தில் ஒரு வருடமாக 95 அடித்துப் பழகியவன் அவன்!

விஷயத்துக்கு வருகிறேன். பழைய ரிம்களைத் திறந்து பார்த்தால் இரண்டு விளிம்பிலும் உள்பக்கமாக மடிந்த ஒரு சின்னக் கொக்கி இருக்கும். காற்று அடிக்க அடிக்க டயரின் ஓரம், பீட் என்கிறார்களே அது, வெளியே தள்ளப்பட்டு அந்தக் கொக்கிக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். டியூப்லெஸ் டயரின் பீட் இழுத்தாலும் நீளாதபடி இறுக்கமாகச் செய்யப்பட்டது. ஆக, கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு, கொண்டியும் உண்டு. கொக்கி இல்லாத ரிம்மில் கொண்டி கிடையாது. சுவர் நேராக இருக்கும். டயரைப் பிடித்து வைத்திருப்பது பீடின் இறுக்கமும், ரிம்மின் விட்டம் துல்லியமாக இருப்பதும் மட்டுமே. அளவு கொஞ்சம் பிசகினாலும், காற்று கொஞ்சம் கூடினாலும், தாங்கிப் பிடிக்க இன்னொன்று இல்லை.

எவ்வளவு விசை என்று ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், ஏழாம் வகுப்புப் பெருக்கல்தான். டயரின் துணியில் வரும் இழுவிசை ஏறக்குறைய அழுத்தம் பெருக்கல் ஆரம். 28 மி.மீ. டயரின் ஆரம் 1.4 செ.மீ. 5 பார் என்பது சதுர செ.மீ.க்குச் சுமார் 5 கிலோ. ஆக ஒவ்வொரு செ.மீ. நீளத்துக்கும் 7 கிலோ இழுக்கிறது. 95 பி.எஸ்.ஐ. அடித்தால் அது 9 கிலோவைத் தாண்டுகிறது. சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு செ.மீ.யிலும், இரண்டு பக்கமும்! இதே கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். 32 மி.மீ. டயரில் அதே 5 பார் அடித்தால் 8 கிலோ. "பெரிய டயர்தானே, தாங்கும்" என்று பழைய அழுத்தத்தையே அடிப்பவர்கள் நினைப்பதற்கு நேர் எதிர். அகலம் கூடினால் காற்றைக் குறைக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலைக் கணக்கில் சேர்த்தீர்களா? பலூனை வெயிலில் வைத்த சோதனை ஞாபகம் இருக்கிறதா? காலை 25 டிகிரியில் 72 அடித்துவிட்டு, வண்டியைக் கார் டிக்கியில் போட்டு, உள்ளே 55 டிகிரி ஆனால் அதே டயரில் 80 இருக்கும். நீங்கள் ஒரு தடவைகூட பம்பு அடிக்கவில்லை, ஆனால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் தயாரிக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பம்பின் மீட்டர் கொஞ்சம், வெயில் கொஞ்சம், குழி கொஞ்சம் என்று எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் கை வைக்கின்றன. எங்கள் வீட்டுப் பம்பிலும் பக்கத்து வீட்டுப் பம்பிலும் ஒரே டயரை அளந்தேன். 7 பி.எஸ்.ஐ. வித்தியாசம்.

பெங்களூர்த் தம்பியின் அடுத்த வாதம்: "டீச்சர், கார் ரிம்லகூட கொக்கி இல்லையே." இல்லைதான் கண்ணு. கார் டயரில் எவ்வளவு காற்று? முப்பது, முப்பத்தைந்து. மலைப்பாதை சைக்கிளில் இருபது, முப்பது. அங்கெல்லாம் கொக்கி இல்லாமல் நன்றாக ஓடுகிறது. கிராவல் பைக்கில் 40 மி.மீ. டயரை 35 பி.எஸ்.ஐ.யில் ஓட்டுகிறவரிடம் நான் சண்டைக்குப் போகமாட்டேன். என் சண்டை 28 மி.மீ. டயரில் எழுபதுக்குப் பக்கம் அடிக்கும் ரோடு பைக்கோடு. எழுபத்திரண்டு வரைதான் தாங்கும் என்று எழுதியிருக்கும் பொருளில் எழுபது அடிப்பதற்கு எங்கள் பக்கம் வேறு பெயர் உண்டு. இங்கே எழுத வேண்டாம்.

பிறகு ஏன் செய்கிறார்கள்? கார்பன் ரிம்மை அச்சில் வார்க்கும்போது அந்தக் கொக்கியை உருவாக்குவது சிரமமான வேலை. அச்சு சிக்கலாகும், கழிவு கூடும், செலவு கூடும். நேர் சுவர் என்றால் வேலை சுலபம். விளிம்பும் தடிமனாக, இடி தாங்குவதாக வரும், டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் காற்று வழுக்கிப் போகும் என்றும் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் செலவு குறைந்தது அவர்களுக்கு, கவனமாக இருக்க வேண்டியது நாம். விற்கும்போது இதற்குப் பெயர் முன்னேற்றம்!

"இதெல்லாம் நம்மூர் ஆட்கள் தப்பா மாட்டுறதால வர்றது" என்று ஒருவர் எழுதியிருந்தார். 2024 பிப்ரவரியில் யு.ஏ.இ. டூர் என்ற பந்தயம் நடந்தது. பெல்ஜியம் நாட்டு வீரர் தாமஸ் டி கெண்ட் அதில் விழுந்தார். உலகத்தின் பெரிய பந்தயங்களில் பல வருடம் ஓட்டியவர். முன்டயர் ரிம்மை விட்டுக் கழன்று, உள்ளே இருந்த நுரை வளையம் வெளியே வந்து கிடந்த படத்தை உலகமே பார்த்தது. ரிம் 25, டயர் 28, கொக்கி கிடையாது. என் அண்ணன் மகனுடைய அதே ஜோடி. கல்லில் மோதியதால் ரிம் உடைந்தது, அதனால்தான் டயர் கழன்றது என்று அவர்கள் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் அதன் பிறகு நடந்த விவாதம் எதைப் பற்றித் தெரியுமா? 25 அகல ரிம்முக்குக் குறைந்தபட்ச டயர் 28ஆ, 29ஆ என்று. ஒரே ஒரு மில்லிமீட்டர்! வீரர்கள் சங்கத் தலைவர் ஆடம் ஹான்சன் இந்த ரிம்களை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். உலக சைக்கிள் சம்மேளனம் இதை ஆராய்வதாகச் சொன்னது. லாரி நிறைய மெக்கானிக்குகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கே ஒரு மில்லிமீட்டரில் தகராறு என்றால், கோபியில் ஞாயிற்றுக்கிழமை காலை கை பம்பால் காற்று அடிக்கும் நம் பிள்ளைக்கு அந்த மில்லிமீட்டரை யார் பார்த்துச் சொல்வது?

"அப்போ என்னதான் வாங்குறது டீச்சர்?" என்று ஒரு நல்ல பிள்ளை கேட்டிருந்தாள். அவளுக்காக.

முதலில் டயர், பிறகுதான் ரிம். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். செருப்பை வாங்கிவிட்டு அதற்கேற்ற காலைத் தேடுகிற கதை. உங்கள் வண்டியின் பிரேமிலும் ஃபோர்க்கிலும் எவ்வளவு அகல டயர் உரசாமல் நுழையும் என்று பாருங்கள். நம் ரோட்டுக்கு 30 அல்லது 32 நுழைந்தால் அதுவே போதும். நுழையாவிட்டால் 28. அதற்கேற்ற ரிம், உள் அகலம் 21 மி.மீ. அளவில், கொக்கி உள்ளது, டியூப்லெஸ்ஸுக்குத் தயாரானது, அலுமினியம். ரிம்முக்கும் டயருக்கும் பொருத்தம் உண்டா என்று இரண்டு நிறுவனங்களின் பட்டியலையும் பார்க்க வேண்டும். ஜாதகம் பார்க்கிற குடும்பங்கள்தானே நாம்? இதற்கு மட்டும் ஏன் சோம்பல்?

டயரில் 28-622 என்று எழுதியிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் பீட் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். 700சி என்பதும் 28 இன்ச் என்பதும் பெயர்கள்தான். என் அப்பா ஓட்டிய பெரிய கருப்பு சைக்கிளும் 28 இன்ச்தான், அதன் விட்டம் 635. இந்த 622 டயர் அதில் ஏறவே ஏறாது. அந்த வண்டியில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. இரண்டு மூட்டை நெல்லையும் என்னையும் ஏற்றிக்கொண்டு அது வாய்க்கால் மேட்டில் ஏறும். இப்போது 18 கம்பி, 20 கம்பி என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எழுபது எண்பது கிலோ ஆளுக்கு 24 கம்பிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தலை வளைந்த சாதாரணக் கம்பியாக இருக்கட்டும். ஒரு கம்பி உடைந்தால் ஈரோட்டிலாவது கிடைக்க வேண்டும். தைவானிலிருந்து வரும் வரை வண்டி பரணில் தொங்கக் கூடாது. அச்சு அளவு, டிஸ்க் பொருத்தும் முறை, பின்பக்கப் பல்சக்கரம் ஏறும் உருளை, இவை மூன்றும் உங்கள் வண்டியோடு சேர்கிறதா என்று வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கடைக்காரர்கள் சரியாகவே சொல்வார்கள்.

"கார்பன் லேசு டீச்சர்." எவ்வளவு லேசு? நல்ல அலுமினிய ஜோடி 1,800 கிராம் என்று வையுங்கள், கார்பன் 1,400. வித்தியாசம் 400 கிராம். ஆளும் வண்டியும் சேர்ந்து 82 கிலோ. அரை சதவீதம்கூட இல்லை. ஒரு மணி நேரம் மலை ஏறினால் 18 நொடி மிச்சம். சுற்றுகிற எடை இரட்டிப்பாகும் என்பீர்கள். வேகத்தைக் கூட்டும் நேரத்தில் மட்டும்தான் அது, சீராக ஏறும்போது கிடையாது. காலையில் சாப்பிடும் நாலாவது இட்லியை விட்டால் அந்த 18 நொடி வந்துவிடும், இலவசமாக.

ஐம்பது மி.மீ. உயர ரிம்முக்கும் இதேதான். காற்றை எதிர்க்கச் செலவாகும் சக்தி வேகத்தின் கனத்தில் ஏறும். பந்தயக்காரர் 40 கி.மீ. வேகத்தில் செலவழிப்பதில் கால்வாசிதான் நீங்கள் 25இல் செலவழிக்கிறீர்கள். அந்தக் கால்வாசியில் ரிம் மிச்சப்படுத்துவது எவ்வளவு இருந்துவிடப் போகிறது? ஆடி மாதக் காற்றில் லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும்போது அந்த உயரமான முன்ரிம் உங்களை எங்கே இழுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் டியூப்லெஸ்ஸுக்கு எதிரி என்று யாரும் எழுத வேண்டாம். அது நம் ஊருக்கென்றே செய்தது. அண்ணன் மகனின் பழைய அலுமினிய ரிம்மில் இப்போது கொக்கியோடு டியூப்லெஸ்தான் போட்டிருக்கிறோம். போன மாதம் பின்டயரில் பதினோரு நெருஞ்சி முள் எண்ணினேன். ஒரு பஞ்சர் இல்லை. உள்ளே இருக்கும் பால் ஓட்டை வழியே கசிந்து கட்டியாகி அடைத்துக்கொள்கிறது, ரப்பர் மரத்தின் காயம் ஆறுவது போல. ஆனால் கடையில் சொல்லாதது ஒன்று. அந்தப் பால் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றிப் பார்க்காவிட்டால், முள் குத்தும் அன்று உள்ளே வெறும் ரப்பர் சருகுதான் இருக்கும். ரிம் டேப்பை உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக, சுருக்கம் இல்லாமல், இழுத்து ஒட்ட வேண்டும். காற்று இறங்கும் டியூப்லெஸ்களில் பாதி, டயரின் தப்பல்ல, டேப்பின் தப்பு. சீமைக் கருவேல முள்ளோ ஆணியோ பெரிதாகக் கிழித்தால் பால் அடைக்காது. ஒரு டியூப் எப்போதும் பையில் இருக்கட்டும். அதைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவி, அத்தனை முள்ளையும் பிடுங்குங்கள். பால் அடைத்து வைத்திருந்த பதினோரு முள்ளும் புது டியூபைக் குத்தக் காத்திருக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன். கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டாதவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ஏற்கெனவே கொக்கி இல்லாத ரிம் வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம். பிரேம் இடம் கொடுத்தால் 32 டயர் போடுங்கள். அதில் ஹூக்லெஸ்ஸுக்கு உகந்தது என்று எழுதியிருக்க வேண்டும். பழைய சாதாரண டயரை டியூபோடு அதில் மாட்டவே கூடாது. காற்று ஐம்பது, ஐம்பத்தைந்தோடு நிறுத்துங்கள். பெட்ரோல் பங்க் காற்றுக்குப் போகாதீர்கள். வெள்ளை பெயிண்டால் ரிம்மின் மீது அந்த எண்ணைப் பெரிதாக எழுதிவையுங்கள். அழகு கெடும் என்று அண்ணன் மகனும் சொன்னான். அவன் பெரிய பெண் தன் கலர் பேனாவால் அழகாகவே எழுதிக் கொடுத்தாள்.

அவனுக்கு இடது கை இப்போது தலைக்கு மேல் தூக்க முடிகிறது. போன ஞாயிறு பாரியூர் வரை போய் வந்தான். அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

பெங்களூர்த் தம்பி, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உன் வண்டியையும் கொண்டு வா கண்ணு. வெர்னியர் அளவி என்னிடம் இருக்கிறது. உன் ரிம்மை நாம் இருவரும் சேர்ந்து அளந்து பார்ப்போம். அதுவரை எழுபதுக்குக் கீழேயே அடி.